மவுன்ட் மாறலாம், லென்ஸ் சாக வேண்டுமா?

விழிதியூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. காரைக்காலில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்திய என் அப்பா விட்டுச்சென்ற பெட்டி. அவருடைய கேமராக்கள் துருப்பிடித்தும் ஷட்டர் இறுகியும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்த ஃபிலிமையும் தாளையும்தான் அவர் வாங்கிப் பயன்படுத்தினார். அந்த ஆலையும் இன்று இயங்கவில்லை. பெட்டியில் எஞ்சியவை மூன்று லென்ஸ்கள் மட்டுமே.

அக்கா மகன் திருமணங்களுக்குப் படமெடுக்கிறான். வங்கிக் கடனில் புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினான். கேமராவுக்கு ஆன செலவைவிட, அதற்கேற்ற லென்ஸ்களுக்கு ஆகப்போகும் செலவுதான் அவனைக் கவலைக்குள்ளாக்கியது. பரணிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தவன், “மூணும் வேற வேற மவுன்ட், மாமா. என் கேமராவுல ஒண்ணுகூட மாட்டாது. தாத்தா ஞாபகமா வேணும்னா அலமாரியில வெச்சுக்கலாம்” என்றான். ஒரு வாரம் பொறுக்கும்படி சொன்னேன்.

அவன் சொன்னது பத்து ஆண்டுகளுக்கு முன்பு பெருமளவு உண்மை. இன்று அது உண்மையல்ல. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், வீட்டு அலமாரிகளில் தூங்கும் பல லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைக்கும். புதிய லென்ஸ் வாங்குவோர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் புலப்படும்.

தொலைவும் மொழியும்

கேமராவின் முகப்பில் லென்ஸைப் பூட்டும் உலோக வளையத்தையே மவுன்ட் என்கிறோம். பார்வைக்கு அது வெறும் பூட்டு. ஆனால் அது செய்யும் வேலைகள் இரண்டு.

முதலாவது, தொலைவைக் காப்பது. சிறுவயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்காதவர்கள் குறைவு. கண்ணாடியைக் காகிதத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரத்தில் பிடித்தால்தான் ஒளி புள்ளியாகக் குவியும். சற்று ஏற்றினாலோ இறக்கினாலோ வட்டம் விரிந்துவிடும். கேமராவிலும் அதே கதைதான். லென்ஸின் பின்விளிம்பு அமரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் (இன்றைக்கு சென்சாருக்கும்) இடையே ஒரு நிலையான தொலைவு இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவை வகுத்துக்கொண்டது. நிக்கானின் எஃப் மவுன்ட்டுக்கு 46.5 மி.மீ., கேனானின் பழைய எஃப்டி மவுன்ட்டுக்கு 42 மி.மீ., பின்னர் வந்த ஈஎஃப் மவுன்ட்டுக்கு 44 மி.மீ.

இரண்டாவது வேலை, பேச்சு. துளையை எவ்வளவு திறப்பது, குவியத்தை எங்கே நிறுத்துவது என்பதைக் கேமரா லென்ஸுக்குச் சொல்ல வேண்டும். தன் துளை எவ்வளவு என்பதை லென்ஸ் கேமராவுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்தப் பேச்சு நெம்புகோல்களாலும் முள்களாலும் நடந்தது. இன்று பொன்முலாம் பூசிய சிறு மின்முனைகளின் வழியே நடக்கிறது.

தொலைவு இயற்பியல் சார்ந்தது; அதை யார் வேண்டுமானாலும் அளக்கலாம், ஒரு வளையத்தால் ஈடுசெய்யலாம். மொழியோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அப்பாவின் மூன்று லென்ஸ்களின் கதையும் இந்த வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

திருகாணியின் எளிமை

முதல் லென்ஸ், சோவியத் ரஷ்யாவின் ஸெனித் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44. குவியத்தொலைவு 58 மி.மீ., துளை எஃப்2. அப்பா அதைச் சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய விலைக்கு வாங்கினார். அதன் மவுன்ட் வெறும் திருகாணி: 42 மி.மீ. விட்டம், ஒரு மி.மீ. இடைவெளியில் மரைகள். எம்42 எனப்படும் இந்த முறை 1949-ல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான கான்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்தது. பின்னர் கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ஜப்பானின் பென்டாக்ஸ், ரஷ்யாவின் ஸெனித் என்று நாடுகளையும் அரசியல் முகாம்களையும் கடந்து பரவியது. மாஸ்கோவுக்கு அருகில் செய்த லென்ஸை டோக்கியோவில் செய்த கேமராவில் திருகிப் பூட்ட முடிந்தது.

இந்த லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பேச்சு என்று பெரிதாக எதுவும் இல்லை. துளையைக் கையால் திருக வேண்டும். குவியத்தையும் கையால்தான் திருக வேண்டும். மொழியே இல்லாததால் மொழி மாறிவிட்டது என்ற சிக்கலும் இதற்கு இல்லை.

ஒரே வாசல், மாறிய தாழ்ப்பாள்

இரண்டாவது, 1960-களின் நிக்கோர் 50 மி.மீ. லென்ஸ். நிக்கான் 1959-ல் எஃப் மவுன்ட்டை அறிமுகப்படுத்தியது. 2020-ல் வெளியான டி6 கேமராவிலும் அதே மவுன்ட்தான். அறுபது ஆண்டுகள் ஒரே வாசலைக் காத்த நிறுவனம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் வாசல் அதுவாகவே இருக்க, தாழ்ப்பாள்கள் மாறிக்கொண்டே வந்தன.

பழைய நிக்கோர் லென்ஸ்களின் துளை வளையத்தின் மேல் முயல் காதுகளைப் போல ஓர் உலோகக் கொக்கி இருக்கும். கேமராவின் ஒளிமானியிலிருந்து நீளும் ஊசி அதில் மாட்டிக்கொள்ளும். லென்ஸை மாட்டியதும் துளை வளையத்தை ஒரு முறை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். அப்போதுதான் லென்ஸின் பெருமத் துளை எவ்வளவு என்று கேமராவுக்குத் தெரியும். அப்பா அதைச் செய்யும்போது எழும் ‘கிறிக், கிறிக்’ ஓசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

1977-ல் நிக்கான் ‘ஏஐ’ என்ற முறையைக் கொண்டுவந்தது. கேமராவின் மவுன்ட்டைச் சுற்றி ஒரு சிறு முள் வைக்கப்பட்டது. லென்ஸ் வளையத்தின் விளிம்பில் வெட்டப்பட்ட படி அந்த முள்ளைத் தள்ளி, துளையின் அளவைத் தானாகவே தெரிவித்தது. ஆனால் படி வெட்டப்படாத பழைய லென்ஸை இந்த முள் கொண்ட கேமராவில் திருகினால் வளையம் முள்ளின் மேல் மோதும். அழுத்தித் திருகினால் முள் முறியும். இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நண்பர் ஒருவரின் டிஎஸ்எல்ஆர் கேமராவில் அப்பாவின் லென்ஸை மாட்டிப் பார்க்கும் ஆசையில் நானே அந்த முள்ளை உடைத்தேன். பிழை முழுக்க என்னுடையது. வாசல் ஒன்றுதானே என்று நம்பிவிட்டேன். பழைய லென்ஸ்களின் வளையத்தை மாற்றித்தரும் ஏற்பாட்டை நிக்கானே அப்போது வைத்திருந்தது. சில பழுதுநீக்குநர்கள் வளையத்தை அரத்தால் ராவியும் சரிசெய்தார்கள். 2013-ல் வந்த டிஎஃப் கேமராவில் அந்த முள்ளை மடக்கிவைக்க வழி செய்யப்பட்டது. ‘மாட்டும்’ என்பதும் ‘வேலை செய்யும்’ என்பதும் ஒன்றல்ல என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம்.

உடைக்கப்பட்ட வாசல்

மூன்றாவது, கேனான் எஃப்டி 50 மி.மீ. லென்ஸ். பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்த உறவினர்கள் இல்லாத தெரு காரைக்கால் பகுதியில் அரிது. விடுமுறைக்கு வந்த அப்படியோர் உறவினர், தான் கொண்டுவந்த கேனான் ஏஇ-1 கேமராவை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். 1976-ல் வெளியாகி உலகெங்கும் விற்ற கேமரா அது. எஃப்டி மவுன்ட் 1971-ல் வந்தது.

1987-ல் கேனான் ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கியபோது எஃப்டியை அடியோடு கைவிட்டது. புதிய ஈஎஃப் மவுன்ட்டில் நெம்புகோல் ஒன்றுகூட இல்லை. குவியத்துக்கும் துளைக்குமான மோட்டார்கள் லென்ஸுக்குள்ளேயே சென்றுவிட்டன. கட்டளைகள் மின்முனைகளின் வழியே மட்டும் சென்றன. வாசலின் விட்டமும் 54 மி.மீட்டராக அகன்றது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் துணிச்சலான, தொலைநோக்குள்ள முடிவு. பெட்டி நிறைய எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கோ அது பேரிழப்பு.

ஒரு வளையம் செய்து பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட முடியாதா? முடியவில்லை, தடுத்தது 2 மி.மீ. எஃப்டி லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 மி.மீ. தொலைவில் அமர வேண்டும். ஈஎஃப் கேமராவின் வாசலே 44 மி.மீட்டரில்தான் தொடங்குகிறது. வளையத்தின் தடிமனைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் லென்ஸ் 2 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்று அவ்வாறு தள்ளி நின்றால், அதனால் தெளிவாகப் பார்க்கக்கூடிய மிக அதிகத் தொலைவு ஏறத்தாழ 1.3 மீட்டர். எதிரே அமர்ந்திருப்பவரின் முகம் தெளியும். அவருக்குப் பின்னே உள்ள கோபுரம் எப்போதும் மங்கலாகவே இருக்கும். வளையத்துக்குள் கூடுதல் கண்ணாடி வைத்து இதை ஈடுசெய்தார்கள். படத்தின் தரம் பெரும்பாலும் அதற்கு விலையானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போட்டியாளரான நிக்கானின் லென்ஸுக்கு 46.5 மி.மீ. தேவை, அதாவது கேனான் ஈஎஃப் கேமராவில் 2.5 மி.மீ. இடம் மிஞ்சுகிறது. எம்42 திருகாணி லென்ஸுக்கும் ஒன்றரை மி.மீ. அளவுக்கு இடம் இருந்தது. ஆகவே மெல்லிய வளையம் ஒன்றின் துணையோடு நிக்கானின் லென்ஸும் ரஷ்ய லென்ஸும் கேனான் கேமராவில் அமர்ந்தன. கேனானின் சொந்தப் பழைய லென்ஸால்தான் அமர முடியவில்லை.

கண்ணாடி விலகியபோது

இந்தத் தொலைவுகள் எல்லாம் 40 மி.மீட்டருக்கு மேல் இருந்ததற்குக் காரணம், கேமராவுக்குள் சாய்வாக நின்ற நிலைக்கண்ணாடி. லென்ஸ் காணும் காட்சியை நம் கண்ணுக்கு அனுப்புவது அது. ஒவ்வொரு படத்துக்கும் மேலெழுந்து வழிவிட வேண்டும். அது எழுவதற்கு இடம் தேவைப்பட்டது. மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே காட்சியை நேரடியாகத் திரைக்கு அனுப்புகிறது. கண்ணாடிக்கு வேலை இல்லை; அதற்கான இடமும் தேவையில்லை.

2010-ல் வந்த சோனியின் இ மவுன்ட்டில் தொலைவு 18 மி.மீ. 2018-ல் நிக்கான் தன் புதிய ஸெட் மவுன்ட்டுக்கு 16 மி.மீ. என்றும், கேனான் ஆர்எஃப் மவுன்ட்டுக்கு 20 மி.மீ. என்றும் வகுத்தன. 44 மி.மீ. எங்கே, 16 மி.மீ. எங்கே! இந்த இடைவெளிதான் பழைய லென்ஸ்களுக்குக் கிடைத்த புதுவாழ்வு. எஃப்டி லென்ஸுக்கு 42 மி.மீ. வேண்டுமா? 18 மி.மீ. கேமராவில் 24 மி.மீ. நீள வளையம் போதும். உள்ளே கண்ணாடி வேண்டாம், வெற்றுக் குழாய்தான். சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

ஆக, 1987-ல் தன் வீட்டாராலேயே வெளியேற்றப்பட்ட எஃப்டி லென்ஸ், 31 ஆண்டுகள் கழித்து அதே வீட்டின் புதிய கேமராவிலும் பிறருடைய கேமராக்களிலும் கோபுரம்வரை தெளிவாகப் பார்க்கிறது. அக்கா மகனின் கேமராவுக்கு மூன்று வளையங்கள் வரவழைத்தோம். மூன்று லென்ஸ்களும் மாட்டின. கேமராவுக்குள்ளேயே அதிர்வைத் தடுக்கும் வசதி இருப்பதால், லென்ஸின் குவியத்தொலைவைப் பட்டியலில் குறித்துவிட்டால் கை நடுக்கத்தையும் அது ஈடுசெய்கிறது. அப்பா ஒருபோதும் அனுபவிக்காத வசதி.

நடுவில் வந்தவையே அனாதை

அப்படியானால் பழையவை எல்லாம் பிழைத்துவிட்டனவா? இல்லை. இதில்தான் மொழியின் சிக்கல் வருகிறது. ஆகப் பழையவை பிழைத்தன. நடுக்காலத்தில் வந்தவற்றில் பல சிக்கிக்கொண்டன.

1986-ல் நிக்கான் தானியங்கிக் குவியத்தைக் கொண்டுவந்தபோது மோட்டாரைக் கேமராவுக்குள் வைத்தது. மவுன்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் திருப்புளி போன்ற ஒரு தண்டு, லென்ஸின் உள்ளுறுப்புகளைச் சுழற்றியது. பின்னாளில் மோட்டார் லென்ஸுக்குள் சென்றது. 2006-ல் வந்த டி40 போன்ற எளிய கேமராக்களில் அந்தத் தண்டு நீக்கப்பட்டது. 2018-ல் ஸெட் கேமராவோடு வெளியான எஃப்டிஸெட் வளையத்திலும் மோட்டார் இல்லை. எனவே திருப்புளி வகை லென்ஸ்கள் அதில் அமரும், படமெடுக்கும், தாமாகக் குவியாது. மோட்டாரை வளையத்துக்குள் வைப்பது முடியாத காரியம் அல்ல. மினோல்டாவின் 1985-ஆம் ஆண்டு மவுன்ட்டைப் பின்னர் தனதாக்கிக்கொண்ட சோனி, 2020-ல் மோட்டார் பொதிந்த வளையம் ஒன்றை வெளியிட்டது; தன் குறிப்பிட்ட சில கேமராக்களில் அந்தத் திருப்புளி வகை லென்ஸ்களையும் தாமாகக் குவியவைத்தது.

மறுபுறம், 1987-ல் பலரது சினத்துக்கு ஆளான கேனானின் முடிவு வேறுவிதமாகப் பலன் தந்தது. முழுக்க மின்மொழியில் அமைந்ததால், ஈஎஃப் லென்ஸுக்கும் ஆர்எஃப் கேமராவுக்கும் இடையே 24 மி.மீ. குழாயும் சில மின்கம்பிகளும் போதுமாக இருந்தன. முப்பது ஆண்டு வயதான ஈஎஃப் லென்ஸும் புதிய கேமராவில் தானாகவே குவிகிறது. வாசலைக் காத்தவர் மொழியைக் கைவிட்டார். வாசலை உடைத்தவர் பின்னர் மொழியைக் காத்தார். நல்லவர், கெட்டவர் என்று எளிதில் பிரிக்க முடியாத வரலாறு இது.

மொழி யாருக்குச் சொந்தம்?

இன்று விற்கும் பெரும்பாலான மிரர்லெஸ் லென்ஸ்களில் குவிய வளையத்தைக் கையால் திருகினாலும் கண்ணாடி நேரடியாக நகர்வதில்லை. திருகுவது ஒரு கட்டளை மட்டுமே. அதை மோட்டார் நிறைவேற்றுகிறது. மின்சாரம் இல்லையென்றால் லென்ஸ் அசையாது. அப்பாவின் லென்ஸுக்கு வெறும் குழாய் போதும். இன்றைய லென்ஸுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதன் மொழியைப் பேசும் ஒரு கேமராவோ வளையமோ இருந்தாக வேண்டும். அந்த மொழி நிறுவனத்தின் பெட்டகத்தில் மட்டுமே இருந்தால், நிறுவனம் ஆர்வம் இழக்கும் நாளில் லென்ஸின் ஆயுளும் முடிகிறது.

மொழியைத் திறந்துவைக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. இ மவுன்ட்டின் அடிப்படைக் குறிப்புகளைப் பிற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் தருவதாக 2011-ல் சோனி அறிவித்தது. 2018-ல் லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகிய மூன்றும் ஒரே மவுன்ட்டைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. மாறாக, ஆர்எஃப் மவுன்ட்டுக்குத் தானியங்கிக் குவிய லென்ஸ் விற்ற சீன நிறுவனம் ஒன்று, கேனானின் வலியுறுத்தலால் 2022-ல் விற்பனையை நிறுத்திக்கொண்டது. 2024-ல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும், அதுவும் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களுக்கு, அனுமதி கிடைத்தது.

திரைப்படத் துறையையும் பார்க்கலாம். ஆரி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த பிஎல் மவுன்ட், நாற்பது ஆண்டுகளாக உலகத் திரைத்துறையின் பொது அளவுகோல். 2018-ல் அது அகலமான எல்பிஎல் மவுன்ட்டை அறிமுகப்படுத்தியபோது, பழைய பிஎல் லென்ஸ்களைப் பொருத்தும் வளையமும் கூடவே வந்தது. திரைத்துறையில் லென்ஸ்களைப் பெரும்பாலும் வாடகை நிறுவனங்களே வாங்கிவைத்துள்ளன. அவற்றின் முதலீட்டைப் புறக்கணித்து ஒரு கேமராவை விற்பது கடினம் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். கடன் வாங்கி இரண்டு லென்ஸ் வைத்திருக்கும் சிற்றூர் ஒளிப்படக்காரருக்கு அத்தகைய பேரவலிமை இல்லை. அவர் சார்பில் பேச வேண்டியது சட்டம்.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கான நெறிமுறையை உருவாக்க 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-ல் அதற்கான வலைவாசலும் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், செல்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவை முதன்மைத் துறைகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல், குறிப்பிட்ட சில மின்னணுப் பொருள்கள் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கத்தக்கவை என்பதை மதிப்பெண்ணாக அச்சிட வேண்டும். இந்த விவாதத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மவுன்ட்டைக் கைவிடும் நிறுவனம், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அதன் மின்மொழியைப் பொதுவில் வெளியிட வேண்டும். வணிக ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. தானே விற்காத பொருளின் ரகசியத்தைக் காப்பதில் என்ன நியாயம்?

உங்கள் அலமாரியில் இருந்தால்

சில நடைமுறைக் குறிப்புகள். பழைய லென்ஸ் கிடைத்தால் முதலில் டார்ச் வெளிச்சத்தை அதன் வழியே பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த நம் டெல்டா கடற்கரையில் லென்ஸுக்கு மவுன்ட் மாற்றத்தைவிடக் கொடிய பகை அதுதான். நாளடைவில் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். தோல் உறையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பூஞ்சை பிடித்ததைத் தனியே ஒதுக்குங்கள்.

வளையம் வாங்கும்போது லென்ஸின் மவுன்ட், கேமராவின் மவுன்ட் இரண்டின் பெயரையும் சரியாகச் சொல்லுங்கள். மிரர்லெஸ் கேமராவுக்கான வளையத்தில் பொதுவாகக் கண்ணாடி தேவையில்லை. எதையும் அழுத்தித் திருகாதீர்கள். என் அனுபவம் போதும். மாட்டிய பிறகு கேமரா படமெடுக்க மறுத்தால் பதற வேண்டாம். மின்முனை இல்லாததால் லென்ஸே இல்லை என்று அது நினைக்கிறது. ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்ற தெரிவை இயக்கினால் போதும்.

புதிய லென்ஸ் வாங்குவோர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதன் துளையும் குவியமும் கேமராவின் உதவியின்றி இயங்குமா, இல்லையென்றால், இதன் மொழியை வேறு எத்தனை பேர் பேசுகிறார்கள்?

அப்பாவின் லென்ஸ்களைக் கொண்டு ஒரு திருமணத்தை முழுதாக எடுத்துவிட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். தாலி கட்டும் நொடி கையால் குவியம் திருகும்வரை காத்திருக்காது. அதற்கு அக்கா மகன் புதிய லென்ஸ் ஒன்றை வாங்கத்தான் வேண்டும். ஆனால் நான்கு வாங்க நினைத்தவன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டான். மணமக்களைத் தனியே அமர்த்தி எடுக்கும் படங்களுக்கு நிக்கோரைக் கொண்டுபோகிறான். கடந்த ஆனி மாதம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில், மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பவர்களை பிரான்ஸிலிருந்து வந்த அந்த எஃப்டி லென்ஸால் எடுத்தான். பாதிப் படங்கள் குவியம் தப்பிப்போயின. மீதிப் பாதியைக் காட்டும்போது, “மாமா, அந்தத் தகரப் பெட்டிய நானே வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டான். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கொடுத்தனுப்பினேன்.